அனைத்துத் திரைகளுக்கும்

இரவு மூன்றே முக்கால்.
ஊலு நகரத்துச் சனவரியில்
விடிவதற்கு இன்னும் ஏழு மணிநேரம் பாக்கி.
பழைய தோல் ஆலையின் மூன்றாம் மாடி.
நாங்கள் நாலு பேர், நாற்காலி ஐந்து,
ஆறு மாதத்துக்குத்தான் பணம் காணும் என்று
கியோஸ்தி சொல்லி ஐந்து மாதம்.

எங்கள் பிழைப்பு இது:
ஊரெங்கும் சுவரில் தொங்கும் திரைகளுக்கு
என்ன பேசவேண்டுமென்று இங்கிருந்தே சொல்லிக்கொடுப்பது.
மருந்துக்கடையில் இருமல் மருந்து,
பேருந்து நிலையத்தில் தாமதம்,
நீச்சல் கூடத்தில் நீரின் சூடு.
சவப்பெட்டி விற்கும் கடையில் மட்டும்
அணையாத ஒரு மெழுகுவர்த்தி
(பன்னிரண்டு நொடிப் படம், திரும்பத் திரும்ப ஓடும்.
ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியாது.
போட்டவள் நான்.)

அன்றைக்குப் பிழை எழுத்தில்.
தலையில் இரண்டு புள்ளி சுமக்கும் எங்கள் எழுத்துகள்
திரைக்குப் போனதும் வெறுங்கட்டமாய் உடைந்தன.
எங்கள் மொழியில்
களைப்புக்கான சொல்லில் அந்த எழுத்து மூன்று முறை வரும்.
சோதிக்க அதைவிடத் தோதான சொல் கிடையாது.
யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

'களைப்பாக இருக்கிறது'
என்று தட்டினேன்.
நீலத்தில் வெள்ளை. ஆறு புள்ளியும் அதனதன் இடத்தில்.
'சோதனைத் திரை' என்ற பொத்தானுக்கு
ஒரு விரற்கடை கீழே
'அனைத்துத் திரைகளுக்கும்'.

வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

இருநூற்றுப் பதினான்கு திரைகள்
ஒரே குரலில் களைத்திருந்தன.
மைனஸ் இருபத்தேழில் முதல் பேருந்துக்கு நின்றவர்கள்
அண்ணாந்து பார்த்தார்களாம்.
பல் மருத்துவமனையில்,
பக்கத்து நாற்காலியோடு பேசும் வழக்கமே இல்லாத ஊரில்,
ஒருவர் "ஆமாம்" என்றாராம்.
மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் அதைப் படித்த கிழவர்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
வெகுநேரம் நின்றாராம்.

வங்கி மட்டும் வழக்குப் போடுவேன் என்றது.

ஒன்பது நாற்பதுக்கு எல்லாவற்றையும் துடைத்தேன்.
பிறகுதான் ஒய்வா கணக்கைக் காட்டினான்:
எங்கள் திரையை ஓர் ஆள் பார்க்கும் நேரம்
சராசரி ஒன்றே முக்கால் நொடி.
அன்று காலை பதினொன்று.

வியாழக்கிழமை வந்த முதலீட்டாளர் அம்மாளுக்கு
அந்தக் கோட்டை மட்டும் கியோஸ்தி காட்டினான்,
பனிச்சறுக்கு மேடுபோல ஏறி இறங்கும் கோடு.
ஹெல்லெவி என்று பெயர்; காப்பியைத் தொடவே இல்லை.
"இதை மறுபடி செய்ய முடியுமா?" என்றார்.
"மாதம் இருமுறை? நகரம் நகரமாக?"
கியோஸ்தி என்னைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
களைப்புக்கு அட்டவணை போடலாம்தான்.
நிரலில் நாலு வரி.

ஒரு திரை மட்டும் பிடிபடவில்லை.
படகுத்துறை மீன்கடை.
அன்று விடியற்காலையே இணைப்பு அறுந்து,
கடைசியாய்க் கேட்ட சொல்லையே பிடித்துக்கொண்டு
நான்கு நாளாய்
'களைப்பாக இருக்கிறது',
'களைப்பாக இருக்கிறது'.
புதுப் படத்தைப் பென்டிரைவில் போட்டு
ஹில்லாவைக் காரில் அனுப்பினோம்.

திரைக்கு அடியில்
மீன்பெட்டியிலிருந்து கிழித்த அட்டை ஒன்று
டேப் போட்டு ஒட்டியிருந்ததாம்.
கரிய பேனா, கோணல் கையெழுத்து:
'எனக்கும்தான்.
ஆனாலும் கடை நாலு மணி வரை.'

ஹில்லா திரும்பி வந்தபோது
அரைக் கிலோ மீன் வாங்கி வந்திருந்தாள்.
பென்டிரைவ் எங்கே என்று கியோஸ்தி கேட்டான்.
கையுறையைக் கழற்றி
மேசைமேல் வைத்தாள்.
மூடியைத் திறக்கவே இல்லை.